கடைக்குப் பின்னால் ஓர் இன்ஜின்

மின்சாரம் போனதும் சலூன்காரர் முதலில் கத்தியை மடக்குவார். பாதிக் கன்னத்தில் நுரையோடு இருப்பவர் என்ன கத்தினாலும் அவர் காதில் விழாது. சுவரோரம் போய் மெயினை இறக்குவார், பியூஸ் கட்டையைப் பிடுங்குவார், அதைக் கொண்டுவந்து நாற்காலியில் இருப்பவர் கையில் வைப்பார்.

"கெட்டியா புடிச்சுக்கோங்க. நானே கேட்டாலும் குடுக்காதீங்க."

அப்புறம்தான் கடைக்குப் பின்னால் போய் இன்ஜினைச் சுற்றுவார். பழகிய வாடிக்கையாளர்கள் வாய் திறப்பதில்லை. புதிதாக வருபவர்கள்தான் உள்ளங்கையிலிருக்கும் பீங்கான் கட்டையைப் பார்த்து, சவரத்துக்கு வந்தோமா, மந்திரவாதியிடம் வந்தோமா என்று திருதிருவென முழிப்பார்கள்.

அந்த இன்ஜின் அவரே கட்டியது. பழைய பம்புசெட்டின் டீசல் இன்ஜின், காயலான் கடையில் பொறுக்கிய ஆல்டர்னேட்டர், இரண்டையும் இணைக்க ஒரு மாவு மில் பெல்ட், புகை வெளியே போக இரும்புக் குழாய். "முடி வெட்டுறவனுக்கு எதுக்குய்யா இந்த வேலை?" என்று கேட்டவர்களிடம், "எத்தனை நாளைக்குத்தான் தலைக்கு வெளிய இருக்கறதையே பாக்கறது? உள்ள இருக்கறதையும் கொஞ்சம் பாப்போமே" என்பார்.

அது முதன்முதலாக ஓடிய மாலையில், இன்ஜினிலிருந்து வந்த வயரைக் கடைச் சுவரின் பிளக்கிலேயே சொருகினார். மெயினை அணைக்கத் தோன்றவில்லை. கரண்ட்தான் இல்லையே, எதை அணைப்பது? கடையில் விளக்கு எரிந்தது. அணைக்காத மெயின் வழியாகக் கரண்ட் தெருக் கம்பிக்கும் ஏறி, பக்கத்து வீடுகளிலும் மங்கலாக எரிந்தது. அவர் தெருவுக்கு ஓடிவந்து கூத்தாடினார்.

"பாத்தீங்களா! என் இன்ஜின் தெருவுக்கே கரண்ட் குடுக்குது!"

சொல்லி வாய் மூடவில்லை, தெருமுனைக் கம்பத்திலிருந்து ஓர் அலறல். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியில் கை வைத்திருந்தவர் லைன்மேன். சலூன்காரருடைய மனைவியின் தம்பி.

உயிர் தப்பியதே பெரிய காரியம். வலது கை விரல்கள் வெந்து, மடங்காமல் போயின. யாராவது கம்பத்தில் ஏறுவதைப் பார்த்தால் சலூன்காரர் இன்றும் ஓடிப்போய் இன்ஜின் நின்றிருக்கிறதா என்று பார்க்கிறார். இன்ஜினை எடைக்குப் போடக் கிளம்பியவரை மனைவிதான் மறித்தாள். "இன்ஜின் என்ன பண்ணுச்சு? பண்ணது நீங்க. அதைத் தூக்கிப் போட்டா மறந்துடுவீங்க. கெடக்கட்டும்."

அதற்குப் பிறகு மச்சான் கடைப்படி மிதிக்கவில்லை. அக்காவிடம் தெருவில் நின்றே பேசிவிட்டுத் தாடியோடு போய்விடுவார். நேற்று மாலை வந்தார். நேராக நாற்காலியில் உட்கார்ந்தார். சலூன்காரர் கத்தியை எடுக்காமல் சீப்பையே திரும்பத் திரும்பத் துடைத்தார். ஒருவழியாகப் பாதித் தாடி இறங்கியபோது மின்சாரம் போனது.

சலூன்காரர் மெயினை இறக்கினார், கட்டையைப் பிடுங்கினார், அப்படியே சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன மாமா, எல்லாருக்கும் குடுப்பீங்களாமே. எனக்கு இல்லையா?"

மச்சான் நீட்டியது வலது கையை. கட்டையை அதில் வைத்தார். விரல்கள் மடங்கவில்லை, கட்டை நழுவப் பார்த்தது. சலூன்காரர் தன் இரண்டு கைகளாலும் அந்தக் கையைச் சேர்த்து மூடிக்கொண்டார். இன்ஜினைச் சுற்றப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் மின்சாரம் வந்து தெருவெல்லாம் விளக்கு எரிந்தது. கடை மட்டும் இருட்டாகவே இருந்தது. பியூஸ் கட்டை அந்த மூன்று கைகளுக்குள் இருந்தது.