தீபாவளியன்று வைத்த முதல் நோன்பு

ரமலானும் தீபாவளியும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்த ஆண்டுகள் சில உண்டு. அப்படி ஓர் ஆண்டில், தீபாவளியன்று நான் என் முதல் நோன்பை வைத்தேன். நாளைத் தேர்ந்தெடுத்தது அம்மா. பள்ளிக்கூடம் விடுமுறை, மயங்கி விழுந்தாலும் வீட்டுக்குள்தானே விழுவான் என்பது அம்மாவின் கணக்கு. மேற்கு மாம்பலத்தில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம் என்பதும், கீழ்வீட்டில் ஒரு வாரமாக எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்கவில்லை என்பதும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

கீழ்வீட்டுக்காரர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தி.நகரில் வளையல் கடை வைத்திருந்தார்கள். அந்த வீட்டு ஆன்ட்டிக்கு என்மேல் தனிப் பிரியம். காலையிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு, மூடிய தட்டுடன் படியேறி வந்தார்.

"பிள்ள நோம்பு வச்சிருக்கானாமே! சாயங்காலம் வரைக்கும் இத அவன் கண்ணுல காட்டிராதிய அக்கா" என்று சொல்லிவிட்டு, என் கண் முன்னாலேயே மூடியைத் திறந்து, இது அதிரசம், இது முறுக்கு, இது ரவா லட்டு என்று அம்மாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுவரும் அதிரச நிறத்தில்தான் இருந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது எங்களோடு இருந்தார். ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மாடிப்படியின் அடியில் தையல் மெஷின் போட்டிருந்தார். புடவைக்கு ஃபால்ஸ் வைப்பது, ஓரம் அடிப்பது, ரவிக்கையைப் பிரித்துத் தைப்பது என்று தீபாவளிக் கூட்டம் அவரை ஒரு வாரம் பிழிந்தெடுத்திருந்தது. அத்தனை நாளும் நோன்போடுதான் தைத்தார். பண்டிகையன்று கடை இல்லை. என்னைச் சாயங்காலம் வரை ஒப்பேற்றும் வேலை அவரிடம் வந்தது.

நோன்பில் எச்சிலை விழுங்கக் கூடாது என்று என் வகுப்புப் பையன் ஒருவன் சொல்லியிருந்தான். அதனால் நான் பால்கனியில் நின்று ஓயாமல் துப்பிக்கொண்டிருந்தேன். கீழே சங்குசக்கரத்துக்குத் திரி கிள்ளிக்கொண்டிருந்த ஆன்ட்டியின் மகன் நிமிர்ந்து பார்த்து, "மழை பெய்யுதும்மா" என்று கத்தினான்.

மாமா என்னைப் பிடித்து உள்ளே இழுத்தார். "டேய் நைனா, எச்சில முழுங்கலாம்டா. ஊர்ல கார்ப்பரேஷன் தண்ணியே வர்ல, நீ இன்னாடான்னா உள்ள கீறதயும் வெளிய ஊத்தினுகீற."

இப்படித்தான் அன்று முழுக்க. அம்மாவின் புர்காவைப் போட்டுக்கொண்டு ஃபால்ஸ் சரியில்லை என்று சண்டை போட வரும் வாடிக்கையாளராக நடித்தார். சிரித்தால் பசிக்கும் என்று நான் சொன்னதும், அழுது காட்டினார். அதற்கும் சிரிப்பு வந்தது. மதியத் தொழுகை முடிந்ததும் கூடத்தில் இரண்டு பேரும் படுத்தோம். அவர் உதடு காய்ந்து வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். ஆனால் அதைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை.

கொஞ்ச நேரம் தூங்கியிருப்பேன். விழித்ததும் தட்டை ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம், பார்ப்பதில் தப்பில்லை என்று சமையலறைக்குப் போனேன். கதவுக்குப் பின்னால், கல்லூரியில் முதலாமாண்டு படித்துக்கொண்டிருந்த என் அக்கா, ஒரு கையில் அதிரசமும் மறு கையில் சொம்புமாக நின்றாள். தண்ணீர் அவள் தொண்டையில் இறங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

"போடா அந்தாண்ட" என்றாள். முகம் சிவந்துவிட்டது.

நான் போனேன். ஆனால் என்னால் தாங்க முடியவில்லை. விடியலுக்கு முன் சஹருக்கு எங்களோடு எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டவள் அவள். எனக்கு நெய் ஊற்றி, 'தைரியமா வை' என்று சொன்னவளும் அவளே. என் பசியெல்லாம் போய், நியாயம் கேட்க வேண்டும் என்ற வெறி வந்து வயிற்றை நிரப்பியது.

சாயங்காலம் பெரியத்தா வந்தார். அத்தாவின், அதாவது என் அப்பாவின், அண்ணன்; கண்டிப்பானவர். அவர் இருக்கும் இடத்தில் அத்தாவே காலை மடக்கித்தான் உட்காருவார். பாயில் கஞ்சி, வடை, பேரீச்சம்பழம், கீழ்வீட்டுத் தட்டு எல்லாம் வந்துவிட்டன. ஆண்கள் கூடத்திலும், அம்மாவும் அக்காவும் உள் வாசற்படியருகிலும் உட்கார்ந்தோம். தெரு முழுக்க வெடிச் சத்தம். பள்ளிவாசல் பாங்கு எப்படிக் காதில் விழும் என்று அத்தா கவலைப்பட்டார். அப்போது கீழேயிருந்து ஆன்ட்டியின் குரல் கேட்டது. "எலே, வெடிய நிறுத்துங்கல கொஞ்ச நேரம். மேல நோம்பு தொறக்கணும்."

வெடி நின்றது. எங்கள் தெரு அன்று முதல் முறையாக அமைதியானது.

அந்த அமைதியில் பெரியத்தா என் தலையைத் தடவினார். "மாஷா அல்லாஹ். ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலையாமே?"

"நான் குடிக்கல பெரியத்தா" என்றேன். "ஆனா நம்ம வீட்ல ஒரு ஆள் குடிச்சாச்சு. மத்தியானமே. கதவுக்குப் பின்னாடி. அதிரசம் வேற."

அத்தா பாயின் கோடுகளைப் பார்த்தார். அம்மாவின் கை கஞ்சிக் கரண்டியோடு அப்படியே நின்றது. அக்காவின் தலை முழங்காலுக்குள் போய்விட்டது. பெரியத்தாவின் புருவம் மட்டும் மேலே ஏறியது. நான் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அடப்பாவி, பாத்துட்டியா!" என்று மாமா தொடையில் அடித்துக்கொண்டார். "நாந்தான் மச்சான். தூங்கினுகீறான்னு நெனச்சிட்டேன். இன்னா பண்றது, ஒரு வாரமா மெஷின் மிதிச்சது, நாக்கு ஒட்டிக்கிச்சு."

"இல்ல, நான் பாத்தது..." என்று நான் ஆரம்பிக்கும்போதே பாங்கு ஒலித்தது. மாமா ஒரு பேரீச்சம்பழத்தை என் வாயில் திணித்தார்.

பெரியத்தா தண்ணீரைக் குடித்துவிட்டு அவரை ஒரு பிடி பிடித்தார். "ஒரு சின்னப் பையனால முடியுது. உன்னால முடியல. வெட்கமா இல்ல உனக்கு?" மாமா தலையைக் குனிந்து, "தப்புத்தான்" என்றார். ரமலானில் மிச்சமிருந்த சில நாட்களும் பள்ளிவாசலில் கஞ்சி வாங்கப் போகும்போதெல்லாம், "உனக்குமாப்பா கஞ்சி?" என்று யாராவது கேட்பார்கள். பெரியத்தா சொல்லி வைத்திருந்தார். மாமாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, தூக்குவாளியை நீட்டுவார்.

எனக்குக் கல்யாணமான பிறகு வந்த முதல் ரமலானில், நான் உள்ளே வரும் சத்தம் கேட்டு என் மனைவி தண்ணீர் டம்ளரைச் சட்டென்று கீழே வைத்தாள். மாதத்தில் அந்தச் சில நாட்கள் பெண்களுக்கு நோன்பு கிடையாது, விட்டதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் அந்தச் சட்டத்துக்கும் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்கும் சம்பந்தம் இருப்பதை அந்த நிமிடம்தான் உணர்ந்தேன். அடையாறில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் நெடுநேரம் சிரித்தாள். பிறகு, "மாமா அன்னிக்குப் பச்சைத் தண்ணி தொடலடா" என்றாள். "என் மூஞ்சியப் பாத்தாரு, அவ்ளோதான். அப்புறம் ஒரு நாள்கூட அதப் பத்தி எங்கிட்ட பேசல."

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. அக்காவும் சாப்பிட்டிருக்கிறாள், நான் தூங்கிய நேரத்தில் மாமாவும் எழுந்து போய்ச் சாப்பிட்டிருக்கிறார், இந்த வீட்டில் உண்மையான நோன்பாளி நான் ஒருவன்தான் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். நோன்பு திறந்ததும் மாமாவும் நானும் தொழுகைக்குப் புறப்பட்டோம். தெருவில் மறுபடியும் வெடி தொடங்கியிருந்தது. வழக்கமாக அவர் விரலைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். அன்று கொஞ்சம் தள்ளி நடந்தேன். முனை திரும்பும்போது அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நாளைக்காவது ஒழுங்கா வைங்க மாமா" என்றேன்.

"சரி நைனா" என்றார் மாமா, மிகவும் பணிவாக. "டிரை பண்றேன்."