ஒரு தொட்டி சுடுதண்ணீர்

பாஸ்டருக்குக் கூச்சம் உண்டு என்றால் யாரும் நம்புவதில்லை. எனக்கு உண்டு. பிரசங்கம் செய்துவிடுவேன், ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, எனக்கு இது வேண்டும் என்று கேட்க நாக்கு எழாது. ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, இதே தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் வேலை பார்த்தவன். யாரிடமும் எதையும் கேட்காமலே காலத்தை ஓட்டிவிட்டேன்.

எங்கள் சபையில் ஒரு பெரியம்மா, கொழுந்தெடுத்தே முதிர்ந்தவர், இளைப்புக்காரர், ஞானஸ்நானம் வேண்டும் என்றார். நாங்கள் முழுதாகத் தண்ணீரில் மூழ்கவைத்துத்தான் கொடுப்போம். இந்த மலையில் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். நான் பயந்துபோய், "பெரியம்மா, உங்களுக்குத் தலையில தெளிச்சாப் போதும்" என்றேன்.

"தெளிக்கிறதுக்கு நான் என்ன ஸ்ட்ராபெரிச் செடியா? முக்குங்க லா!" என்றார்.

அவர் மகன் காய்கறி லோரி ஓட்டுகிறவர், முருக பக்தர். அம்மாவைத் தடுக்கவில்லை. என்னைத்தான் தனியாக நிறுத்தினார். "குளிர் தண்ணி நெஞ்சுல பட்டா அம்மா தாங்காது பாஸ்டர். ஏதாச்சும் ஆச்சு, உங்கள விடமாட்டேன்."

கியா பார்ம் பக்கம் காய்கறி பயிரிடும் சபைச் சகோதரர், காய் கழுவும் பெரிய நீலத் தொட்டியைக் கொண்டுவந்து தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் வைத்தார். பாதிவரை குழாய்த் தண்ணீர் பிடித்தோம். சுடுதண்ணீர் வைக்கும்படி நான் கேட்டிருந்தது சபையார் வீடுகள் மூன்றில் மட்டுமே. மற்றவை இந்து வீடுகள். எங்கள் ஞானஸ்நானத்துக்கு அவர்களை எப்படிக் கேட்பது?

ஞாயிறு காலை, மூன்று குண்டான் ஊற்றியும் தண்ணீர் சில்லென்றே இருந்தது. மகன் வந்தார். பிள்ளையைக் குளிப்பாட்டுமுன் பார்ப்பதுபோல முழங்கையை உள்ளே விட்டார்.

"இது ஆகாது."

வெள்ளை உடையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தார். மகன் அம்மாவை அழைத்துப் போய்விடுவார் என்றே நினைத்தேன். அவரோ லயத்தின் நடுவில் போய் நின்று கத்தினார்: "எங்கம்மா குளிக்கப் போவுது! யார் வீட்ல அடுப்பு எரியுதோ, சுடுதண்ணி கொண்டாங்க!"

கதவுகள் திறந்தன. கேத்தல், வாளி, குண்டான் என்று வந்துகொண்டே இருந்தன.

"கோழி உரிக்க வச்ச தண்ணி பாஸ்டர். பாத்து முக்குங்க, இறகு உதிர்ந்திரப் போவுது!" என்று ஊற்றினார் ஓரத்து வீட்டு அண்ணன்.

திருநீறு பூசிய ஓர் அக்கா என்னை முறைத்தார். "வாயத் தொறந்து கேட்டா நேத்தே விறகு எடுத்து வச்சிருப்பேன்ல?"

மகன் மறுபடியும் முழங்கையை விட்டார். "ம்… இறங்கும்மா." அவரே தூக்கி இறக்கினார்.

ஜெபித்து, முதுகைத் தாங்கி மூழ்கவைத்து எடுத்தேன். முதலில் அவர் மூச்சைத்தான் கவனித்தேன். இழுப்பு இல்லை. முகத்தை வழித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கவா பாஸ்டர்? இதமா இருக்கு" என்றார். லயமே சிரித்தது. மகன் துண்டை விரித்துக்கொண்டு நின்றார்.

பெரிய சபைகளில் சுவிட்சைத் தட்டினால் வெந்நீர் வரும் தொட்டி பார்த்திருக்கிறேன். எங்கள் தொட்டியை ஒரு லயமே காய்ச்சி நிரப்பியது. இதை எங்கே சொன்னாலும் என் நெஞ்சு நிமிரும்.

ஆராதனை முடிந்ததும் மகன் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். "குடுங்க, நான் போறேன்" என்று வாங்கிக்கொண்டேன். வீடு வீடாகத் தட்டி, நன்றி சொல்லிக் கொடுத்துக்கொண்டே ஓரத்து வீட்டுக்கு வந்தேன். குழம்பு மணந்தது.

"அண்ணே," என்றேன், "அந்தக் கோழி வெந்திருச்சா? எனக்கும் ஒரு பிடி சோறு போடுங்க."