சாம்பிளுக்கு ஒரு விருந்தாளி

முட்டாள்தனம் முழுக்க என்னுடையது, அதில் யாருக்கும் பங்கு தரமாட்டேன். வெளிநாடு போய்ப் படிக்க அப்பாவிடம் சம்மதம் வாங்க வேண்டும். அதற்கு, வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே படிக்கும் ஒருவனை வீட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினால் போதும் என்று நினைத்தேன். துணிக்கடையில் சாம்பிள் காட்டுவதில்லையா, அதுபோல. அப்பா தொட்டுப் பார்ப்பார், "பரவால்லியே" என்பார், என்னையும் விமானத்தில் ஏற்றிவிடுவார். சாம்பிள் நன்றாக இருந்தால் வாங்க வந்தவர் அந்தத் துணியைத்தான் கேட்பார், பக்கத்தில் கிடக்கும் சாயம்போன லுங்கியை அல்ல என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

எனக்கு ஜெர்மனி போக வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் ஜெர்மனி என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுலயே பர்ஸ வுட்டுட்டு வர்றவன், ஜெர்மனியில இன்னாத்த வுட்டுட்டு வருவியோ" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அதனால்தான் சாம்பிள் தேவைப்பட்டது.

சென்னையில் என் ஹாஸ்டலில், பக்கத்து அறையில் ஒருவன் இருந்தான். ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாட்டிலிருந்து வந்து என் வகுப்பிலேயே படித்தவன். கிறிஸ்தவன். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் முழுக்க லீவு விட்டபோது அவன் போக இடமில்லாமல் இருந்தான். "எங்க ஊருக்கு வா, கோட்டை, கோயில், மலை எல்லாம் காட்டுகிறேன். திண்டிவனத்தில் சர்ச்சும் இருக்கிறது" என்றேன். அவன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னான். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், ஹைவேயில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் எங்களுடையது. சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். அம்மா கோழியைப் பிடித்துக் கூடையில் கவிழ்த்து வைத்திருந்தாள். அவன் பணிவாகச் சொன்னான்: இது தவக்காலம், ஈஸ்டர் வரைக்கும் கறி சாப்பிடுவதில்லை. நான் மொழிபெயர்த்தேன்.

அம்மா கூடையைத் தூக்கிக் கோழியை விட்டாள்.

"எனக்கு?" என்றேன்.

"வந்த புள்ள சாமிக்கு விரதம் இருக்குது, உனக்குக் கோழி கேக்குதா? ஐயப்பனுக்கு மால போட்டு, மூணாம் நாளே பஸ் ஸ்டாண்டுல முட்ட பப்ஸு தின்னவன்தான நீ?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவன் சிரித்தான். அம்மாவின் கை பேசியதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

கோழிக்குப் பதிலாகக் கேப்பைக்களி வந்தது. நான் அதைக் கண்டாலே எழுந்து போகிறவன். அவன் ஓர் உருண்டை எடுத்தான், உள்ளங்கையில் உருட்டினான், கட்டைவிரலால் குழி பண்ணினான், குழம்பை அள்ளி விழுங்கினான். அவர்கள் ஊரிலும் மக்காச்சோள மாவில் இதே களிதானாம், தினமும். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டேன். சாப்பிட்ட தட்டையே நான் கழுவியதில்லை. அன்று சாப்பிடாத தட்டைக் கழுவினேன்.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. சர்ச்சுக்குக் கையில் ஓலையோடு போக வேண்டும் என்று அவன் சொன்னதும், அப்பா அரிவாளோடு தென்னையில் ஏறிவிட்டார். சின்ன வயதில் பீப்பி செய்ய ஒரே ஒரு குருத்தோலை கேட்டதற்கு, "மரம் வீணாப்பூடும்" என்று என்னை வாய்க்கால் வரை துரத்தியவர் அவர். அதே மரம்.

ஓலையைப் பிடித்துக்கொண்டு அவன் அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்தான். நானும் ஏறப் போனேன்.

"மூணு பேரு போனா போலீஸ்காரன் புடிப்பான். நீ பஸ்ல வா."

நான் போய்ச் சேர்ந்தபோது பூசை முடியும் நேரம். கடைசி வரிசையில் அப்பா மண்டி போட்டிருந்தார். எங்கள் ஊர்த் திருவிழாவில்கூடச் சாமி வரும் வழியில் நின்று கரும்பு விலை பேசுகிறவர். வெளியே வந்ததும், "ஒருத்தன்கூட போன் எடுக்கலடா" என்றார், ஏதோ அந்த மனிதர்களையெல்லாம் இவன்தான் பழக்கி வைத்திருந்த மாதிரி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவனிடம் குறை கண்டுபிடிக்க நான் உண்மையாகவே பாடுபட்டேன். விடிவதற்கு முன்னால் குளிக்கும்போது சத்தமாகப் பாடுவான், அது ஒன்றுதான் அகப்பட்டது. அம்மாவிடம் புகார் சொன்னேன். "பொழுதோட எழுந்து சாமி பாட்டுதான பாடுது. நீ எழறப்ப சாம்பார் ஆறிக் கெடக்குது" என்றாள்.

சரி, ஆளைக் களைப்படைய வைப்போம் என்று செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப்போனேன். ராஜகிரியில் பாதி தூரத்தில் நான் ஒரு பாறைமேல் மல்லாந்தேன். என் கொய்யாப்பழத்தைக் குரங்கு வாங்கிக்கொண்டது. அவன் உச்சிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, என் பையையும் தூக்கிக்கொண்டு என்னை இறக்கிக் கூட்டிவந்தான்.

புதன்கிழமை பனமலை, உச்சியில் சிவன் கோயில். அப்பாவும் வருகிறேன் என்றார். இத்தனை வருடத்தில் அந்த மலை ஏறாத மனிதர். பைக்கில் அவர்கள் இருவர். நான் வழக்கம்போலப் பேருந்தில், அனந்தபுரத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்று. போய்ச் சேர்ந்தால் இருவரும் ஏரிக்கரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு ஆங்கிலம் தெரியாது, மற்றவனுக்கு அம்மா, அப்பா, போதும் என்ற மூன்று சொல்லைத் தாண்டித் தமிழ் தெரியாது. நான் இல்லாமல் எதைச் சொல்லிச் சிரித்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டேன். "அதுவா, ஒண்ணுமில்ல" என்றார் அப்பா.

அவர்கள் நாட்டு ஏரியைப் பற்றி அவன் சொன்னான். கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியாதாம்.

"அக்கரையே தெரியாதா? அப்ப அது கடலுடா" என்றார் அப்பா.

"இல்ல, நல்ல தண்ணியாம். குடிக்கலாமாம்."

"குடிக்கிற தண்ணியா! அவ்ளோவுமா!" என்று பனமலை ஏரியை ஒருமுறை பார்த்தார். பாவம், ஏரி என்ன செய்யும்.

மேலே சன்னிதியில் குருக்கள் திருநீறு நீட்டினார். அவன் வாங்கலாமா என்று என்னைக் கேட்டான், வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டான். தவக்காலம் தொடங்கும் நாளில் அவர்களும் நெற்றியில் சாம்பல் பூசுவார்களாம், போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல். இதைச் சொன்னதும் அப்பா குருக்களையே கூப்பிட்டு, "சாமி, கேட்டீங்களா, இவங்களும் பூசுறாங்களாம்" என்று சொந்த மகனுக்கு மெடல் கிடைத்த மாதிரி அறிவித்தார்.

போட்டோ எடுத்தது நான். அதனால் எந்தப் படத்திலும் நான் இல்லை. இறங்குவதற்குள் அப்பாவின் வாட்ஸ்அப் படம் மாறியிருந்தது: அவரும் அவனும், பின்னால் கோபுரம். அதுவரை அங்கே எங்கள் மாடு இருந்தது. மாட்டிடம் தோற்றதை நான் ஒருவிதமாகப் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கினோம். நானும் விடிவதற்கு முன்பே எழுந்து போனேன், பொறாமையைவிட நல்ல அலாரம் கிடையாது. செடியிலிருந்து காயை ஆய்ந்துகொண்டிருந்த பெண்களோடு அவன் போய் உட்கார்ந்தான். அவன் வீட்டிலும் மல்லாட்டைதானாம். கை பறந்தது. என் கூடையை எட்டிப் பார்த்த ஒரு அக்கா, "இன்னா தம்பி, ஒவ்வொரு காயா பேரு கேட்டுக்கினு போடறியா?" என்றாள். வரப்பு வரைக்கும் சிரிப்பு.

நிழலில் கஞ்சி குடிக்கும்போது அப்பா அவனிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். அவன் விளக்கினான், நான் மொழிபெயர்த்தேன், அப்பா தலையாட்டிக் கேட்டார். நானும் அதையே படிக்கிறேன் என்பது அன்றுதான் அவருக்குத் தெரியவந்தது.

பிறகு கேட்டார்: "உன்ன இவ்ளோ தூரம் அனுப்பிட்டு உங்க அம்மா எப்படிப்பா இருக்காங்க?"

என் ஜெர்மனி இந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கஞ்சியை வைத்துவிட்டு நெடுநேரம் பேசினான். அம்மா சர்ச்சில் பாடுகிறவளாம். ஈஸ்டருக்குப் பாடும் பாட்டைப் போனில் பாடிக்காட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிடுவாளாம். வந்ததிலிருந்து அவன் ஊருக்குப் போகவே இல்லை.

நான் சொன்னேன்: "ரொம்ப சந்தோஷமா இருக்காங்களாம்ப்பா."

அப்பா அவன் முகத்தைப் பார்த்தார். "அவ்ளோ நேரம் பேசினான், நீ ஒரு வரி சொல்ற. சந்தோசத்துக்கா கண்ணு கலங்குது?"

முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அப்பா அவன் குவளையில் இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினார்.

அன்று சாயங்காலம் சர்ச்சில், ஏசு தன் சீடர்களுக்குச் செய்த மாதிரி, பன்னிரண்டு பேரை உட்காரவைத்துச் சாமியார் பாதம் கழுவினார். வெளியூரிலிருந்து வந்தவன் என்று அவனையும் அதில் சேர்த்தார்கள். அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். வெள்ளிக்கிழமை அவன் பட்டினி இருந்தான், அப்பாவும் இருந்தார். கேட்டால், "பசிக்கல" என்றார். சனிக்கிழமை அவன் அம்மா வீடியோ காலில் வந்தபோது எங்கள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அடுப்பங்கரைக்கே போய்விட்டாள். களிப்பானையை இவள் காட்டினாள், அவர்கள் பானையை அவள் காட்டினாள். மொழிபெயர்க்க வரட்டுமா என்று வாசற்படியில் நின்று கேட்டேன். காதில் விழவில்லை.

ஞாயிறு காலை ஈஸ்டர் பூசை, மதியம் கோழி. தொடைக்கறி யாருக்குப் போனது என்று எழுதி என்னை நானே நோகடித்துக்கொள்ள விரும்பவில்லை.

சாயங்காலம் அவன் கிளம்பினான். மல்லாட்டை காயவைக்க என்னை ரெண்டு நாள் நிறுத்திக்கொண்டார் அப்பா. திண்டிவனத்தில் ரயில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது என்று, எதிர்த்திசையில் விழுப்புரம் ஜங்ஷனுக்கே அவனைக் கூட்டிக்கொண்டு போனார். நான் வழக்கம்போலப் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். என்னைத் திண்டிவனத்தில் எத்தனை முறை படிக்கட்டில் தொங்கவிட்டிருக்கிறார்! பெட்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டை வீசி இடம் பிடித்தார். மல்லாட்டை மூட்டையை அவன் காலடியில் தள்ளினார்.

அவன் ஜன்னலிலிருந்து, "அப்பா!" என்றான்.

"சொல்லுப்பா." நான் கூப்பிட்டால் "இன்னா?" என்பவர்.

அவனிடம் தமிழ் அதற்குமேல் இல்லை. அப்பாவின் கையைப் பிடித்தான், ரயில் நகரும்வரை விடவில்லை. கடைசிப் பெட்டி மறைந்த பிறகும் அப்பா கையை இறக்கவில்லை.

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று பட்டது.

"அப்பா."

"இன்னா?"

"நீயே பாத்த இல்ல. அம்மா, அப்பா, ஊரு எல்லாத்தையும் வுட்டுட்டு வந்து எப்படி ஒழுங்கா இருக்கான். நானும் அப்படி இருப்பேம்ப்பா. நெசமா. என்னயும் வெளிநாடு அனுப்பேன்."

அப்பா துண்டைத் தோளில் தேடினார். அது ரயிலோடு போயிருந்தது. வெறும் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு, தண்டவாளத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"அந்தப் புள்ள ஊருக்குன்னா போ."