வைரவர் வாகனத்துக்குப் பல் தீட்டின கதை

எங்கள் வீட்டில் காலைப் பூசை ஆறரைக்கு. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில், மூன்றாம் மாடி ஃபிளாட். சாமி அறை என்று தனியாகக் கட்டவில்லை. குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறையைத் துப்புரவாக்கிப் படங்களை வைத்து, நிலைப்படிக்கு மஞ்சள் பூசி வைத்திருக்கிறோம். மணி அடித்தால் எங்கள் நாய் எங்கே கிடந்தாலும் எழும்பி வந்து, நிலைப்படிக்கு வெளியே குந்திவிடுவான். தேவாரம் முடியும்வரை அசையமாட்டான். தீபம் காட்டி முடிந்ததும், சாமிக்கு வைத்த கற்கண்டில் ஒரு துண்டை அவன் வாயில் வைப்பேன். நாய் என்றால் வைரவரின் வாகனம். அவனைப் பார்த்துக்கொண்டிருக்க விட்டு நாங்கள் மட்டும் பிரசாதம் எடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

மகள் கலியாணம் முடித்துக் கனடா போனபோது எங்களிடம் விட்டுப்போன குட்டி அவன். இப்போது ஒன்பது வயது. போன வருடம்வரை அந்தக் கற்கண்டு ஒரு நாளும் தவறியதில்லை.

போன வருடம்தான் மனைவி கவனித்தா. சோற்றை ஒரு பக்கத்தால் மட்டும் சப்புகிறான், பாதியைக் கீழே விழுத்துகிறான். வாயும் மணக்கத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் அவன் படுத்த பாயில் வாயிலிருந்து வடிந்த இரத்தம் கலந்த வீணீர் கிடந்தது. அன்றைக்கே ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை, மகளின் வயதுதான் இருக்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எலும்பு, கல்லு என்று கடினமான எதையும் கடிக்கிறவனா என்று கேட்டா. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சமே சமைப்பதில்லை, எலும்புக்கு எங்கே போவது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். இனிப்புக் கொடுக்கிறீர்களா என்றா. தேத்தண்ணி தொட்ட விசுக்கோத்துகூட இல்லை என்றேன். மனமறிந்து பொய் சொல்லவில்லை. சாமி முன்னால் கொடுப்பது சாப்பாடு என்றே என் புத்தியில் இருக்கவில்லை.

மேல்வாயில் இரண்டு பல் வெடித்து, உள்ளே சீழ் பிடித்திருந்தது. மயக்க மருந்து கொடுத்துக் கழற்றினா. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டா. இவனுடைய இதயத்தில் ஒரு இரைச்சல் இருக்கிறது, இந்த முறை தாங்கிவிட்டான், இன்னொரு முறை மயக்க மருந்து கொடுக்கத் தனக்குப் பயம் என்றா. மிச்சப் பல்லைக் காப்பாற்றுவது என் கையில். ஒவ்வொரு நாளும் தீட்ட வேண்டும். மனிதர் பாவிக்கிற பற்பசை கூடாது, அதை நாய் விழுங்கிவிடும். நாய்களுக்கென்று ஒரு பசையும் பிரஷும் தந்தா.

புண் ஆறினதும் தொடங்கினோம். அவன் விடவில்லை. பிரஷைக் கண்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். துவாயால் சுற்றி மனைவி பிடிக்க, நான் வாயைத் திறக்க, என் விரலில் ஒரு கடி. எட்டு வருடத்தில் முதல் கடி. இன்னொரு முறை பல் பழுதானால் இவன் இல்லை என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அதுவரை கஞ்சியும் மசித்த சோறும்தான் கொடுத்தோம். நன்றாகத் தேறினதும், ஒரு காலை மணிச் சத்தத்துக்கு வந்து பழையபடி குந்தினான். நானும் பழையபடி கற்கண்டை வாயில் வைத்தேன். 'கடக்' என்றது. எட்டு வருடம் கேட்ட சத்தம். அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. கற்பூரத் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

மனைவிக்குச் சொன்னேன்.

"டொக்டரிட்ட எலும்புக்கு எங்க போறது எண்டு கேட்ட ஆள்," என்றா.

அடுத்த நாள் கற்கண்டு கொடுக்கவில்லை. தீபம் முடிந்தும் அவன் எழும்பவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். வைரவரே, என்ர அறியாமை, பொறுத்துக்கொள்ளும் என்று கும்பிட்டேன். கும்பிட்டுத் திரும்பும்போதுதான் விளங்கியது. நாள் முழுக்க வாய் காட்டாதவன் இந்த ஒரு நேரத்தில்தான் தானாக வந்து வாய் திறக்கிறான்.

ஓடிப்போய்ப் பசையையும் பிரஷையும் எடுத்தேன். மூடியைத் திறக்கக் கோழிக்கறி மணம் குப்பென்று வந்தது. மனைவி வழியை மறித்தா.

"கோழி மணத்தோட சாமியடிக்குப் போகாதேங்கோ. வெள்ளிக்கிழமையப்பா."

டொக்டருக்குப் போன் எடுத்தேன். பசை ருசிக்குத்தான், ஊத்தை போவது தேய்க்கிறதால்தான், தண்ணீரில் தேய்த்தாலும் போதும் என்றா. எனக்குப் பாதி உயிர் வந்தது.

முதல் மூன்று நாள் ஈரத் துணி சுற்றிய விரல் மட்டும். உதட்டைத் தூக்கி வெளிப்பக்கத்தை மெல்லத் தேய்த்தேன், நமசிவாய என்று ஐந்து தரம் சொல்லும் நேரம். அசையவில்லை. பிறகு பிரஷ், பத்துத் தரம். முடிந்ததும் வெறும் வாயோடு விட மனமில்லை. சாமிக்கு அவித்த கரட் துண்டு வைத்து, அதைக் கொடுத்தேன்.

"சாமிக்கும் டயட் போட்டாச்சு," என்றா மனைவி. ஆனால் அடுத்த நாளிலிருந்து கரட் அவிப்பது அவதான்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கொண்டுபோனோம். டொக்டர் உதட்டைத் தூக்கினா. ஒவ்வொரு பல்லாக விரலால் தடவிப் பார்த்தா. பல் முரசு நல்லாயிருக்கு, ஒன்றும் கழற்றத் தேவையில்லை, வருடம் முடியக் கொண்டுவந்தால் போதும் என்றா. பொக்கற்றில் இருந்த திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் பூசினேன்.

எந்த நேரம் தீட்டுகிறீர்கள் என்று கேட்டா. மணி அடிப்பதைச் சொன்னேன். அதோடு விடாமல் எட்டு வருடக் கற்கண்டையும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு இனிப்பு இல்லை என்றேனே, அது பிழை என்றேன்.

அவா சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. பேனையை எடுத்து அவனுடைய வைத்திய அட்டையில் இனிப்பு இல்லை என்று எழுதியிருந்த வரியை வெட்டிவிட்டு, மேலே வேறு ஏதோ எழுதினா.