மூணு கீயில் இருபத்திரண்டு பக்கம்

ஜாப் டைப்பிங் கடையில் உட்கார்ந்து விரல் தேய்ந்தவர்களுக்குத் தெரியும், தப்பு எப்போதும் பக்கத்தின் கடைசி வரியில்தான் விழும். விழுந்தால் மொத்தப் பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் எங்கள் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. முதலாளி ரஹீம் பாய் ஒரு மாதம் வைத்துப் பார்க்க வேலூரிலிருந்து வாங்கியிருந்தார். வருகிறவர்களுக்குப் பிடித்தால் இருக்கும், இல்லாவிட்டால் வேலூருக்கே திரும்பும். அது போய்விடக் கூடாதே என்று எனக்கு ஒரே படபடப்பு. எந்தக் கீயோடு எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று அட்டையில் எழுதி, சாப்பிடும்போதுகூட மனப்பாடம் பண்ணினேன்.

இல்லாத லீவர்

டைப்ரைட்டரில் வரி முடிந்தால் மணி அடிக்கும். இடது கையால் லீவரைத் தள்ளுவோம். கம்ப்யூட்டரில் வரி தானாகவே கீழே இறங்கிவிடும். என் கைக்கு அது புரிந்தால்தானே! ஒவ்வொரு வரிக்கும் எழும்பி, வெறும் காற்றைத் தள்ளிவிட்டு வரும். மூன்றாம் நாள் டீ கிளாஸைத் தள்ளியது. ரஹீம் பாய் சட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அங்க லீவர் இல்ல தம்பி. என் டீதான் இருந்துச்சு."

நாலு பக்கம் போன கதை

கீழ்பென்னாத்தூர் ஹெட்மாஸ்டர் ஒருவரின் பள்ளி அறிக்கை. நாலு பக்கம் அடித்துவிட்டு, 'பாருங்க சார்' என்று பெருமையாகத் திரும்பினேன், கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. கன்ட்ரோலோடு கே, எஸ் அழுத்திச் சேமிக்க மறந்திருந்தேன். அன்றிலிருந்து வரிக்கு வரி என் இடது கை தானாகக் கன்ட்ரோலுக்குப் போகும். ஹெட்மாஸ்டருக்கு அதனால் என்ன? பழைய டைப்ரைட்டரைக் காட்டினார்: "அதுல அடிப்பா. அது தின்னுட்டு வாயைத் துடைச்சுக்காது."

குப்புசாமி முனுசாமி ஆனார்

மாதம் முடிய இரண்டே நாள். வக்கீல் குமாஸ்தா ஏகாம்பரம் மத்தியானம் ஓடி வந்தார். நாங்கள் கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்த இருபத்திரண்டு பக்க வழக்கு மனுவில், எதிராளியின் அப்பா பெயர் குப்புசாமி இல்லையாம், முனுசாமியாம். கோர்ட்டில் தாக்கல் பண்ண அன்றே கெடு. எங்கள் கடைக்குப் பாதி வேலை அவர் கொண்டுவருவதுதான்; அவர் தலையாட்டினால் கம்ப்யூட்டர் தங்கிவிடும்.

கன்ட்ரோல், கியூ, ஏ. பழைய பெயரையும் புதுப் பெயரையும் கொடுத்தேன். திரையில் குப்புசாமி ஒவ்வொருவராக முனுசாமி ஆகிக்கொண்டே போனார். எனக்குக் கை தட்டலாம் போலிருந்தது.

பிரிண்டர் அடித்து முடித்ததும் ஏகாம்பரம் பழைய பிரதியை என்னிடம் நீட்டி, முதல் வரியிலிருந்து வாசிக்கச் சொன்னார். திருப்பி அடித்தால் ஒருவர் வாசிக்க ஒருவர் ஒத்துப்பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். பெயரைத் தவிர வேறெதுவும் மாறாது என்று மெதுவாகச் சொன்னேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்: "மாத்தும்ங்கற, மாத்தாதுங்கற. நான் எதைய்யா நம்பறது?"

பதினெட்டாம் பக்கம்

மூச்சு விடாமல் வாசித்தேன். மூன்று மணி தாண்டியது. பதினெட்டாம் பக்கத்தில் ஏகாம்பரத்தின் விரல் நின்றது. நிலத்தின் கிழக்கு எல்லையும் மேற்கு எல்லையும் இடம் மாறியிருந்தன. கம்ப்யூட்டர்தான் மாற்றிவிட்டதோ என்று நினைத்தேன். அவர் கைப்பட எழுதிக் கொடுத்த மூலத்தை எடுத்துப் பார்த்தால், அதிலேயே அப்படித்தான் இருந்தது. ஏகாம்பரம் மூலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு வரியைக் குறித்து, தூக்கி, கீழே வைத்தேன், நாலைந்து கீதான். அந்த ஒரு பக்கம் மட்டும் பிரிண்டரில் வந்தது. சூடாக இருக்கும்போதே பிடுங்கிக்கொண்டு சைக்கிளில் பறந்தார். கோர்ட் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மறுநாள் இன்னொரு மனுவோடு வந்தார். ரஹீம் பாய் டைப்ரைட்டரின் உறையைக் கழற்றப் போனார். ஏகாம்பரம் தடுத்தார்: "கம்ப்யூட்டர்லயே அடிக்கச் சொல்லுங்க பாய். ஆனா கடைசியில நான் ஒத்துப்பார்ப்பேன்."

ஆக, கம்ப்யூட்டர் தங்கிவிட்டது. ஒரு நாள் வேலையை மூணு கீயில் முடித்துவிட்டு, மிச்சமான நேரம் முழுவதும் அது முடிந்துவிட்டதா என்று உரக்க வாசித்துக்கொண்டிருந்தோம்.