சாரல் வேண்டாம்னு ஜெபம் பண்ணினேன்

சாரல் விழுந்தா எங்க ஊரே சந்தோஷப்படும். போன ஆனி மாசம் நான் மட்டும் அழுதேன்.

சபையில என்னைத் தெரியாதவங்களுக்காகச் சொல்லுதேன். என் பேரு ஜெசிந்தா. குத்தாலம் மலையடிவாரத்துல ஒரு காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணுதேன். கேமராவுக்குள்ள வெளிச்சத்தைப் பிடிக்க ஒரு சில்லு இருக்கும்லா, அதைப் பெரோவ்ஸ்கைட்ங்கிற பொருளை வச்சு செய்யுத வேலை. சின்னக் கண்ணாடித் தகடுல சிவப்பைப் பார்க்க ஒரு புள்ளி, பச்சைக்கு ஒண்ணு, நீலத்துக்கு ஒண்ணுன்னு வரிசையா பதிக்கணும். மூணும் வேற வேற கரைசல். ஒண்ணோட ஒண்ணு கலந்துட்டா அதுக்கு நிறமே தெரியாது.

எனக்கு எப்பவும் கலந்துதான் போச்சு. 'இந்த சீசனுக்குள்ள நிறம் பிரிஞ்சு வரலேன்னா நிறுத்திரலாம்மா'ன்னு எங்க சார் சொல்லிட்டார். கோவமாச் சொன்னாக்கூடத் தாங்கியிருப்பேன், பாவப்பட்டுச் சொன்னார். பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரம் ஆகாது. எல்லாம் இந்தச் சாரல் பண்ணுத வேலைன்னு நானே முடிவு கட்டிட்டேன். ஆண்டவரே, சாரலை நிறுத்தும்னு தினமும் முழங்கால்ல நின்னேன்.

என் வீட்டுக்காரருக்குக் குத்தாலத்துல பழக்கடை. சீசன்தான் எங்களுக்குச் சோறு. "ஏட்டி, நான் சாரல் வேணும்ங்கேன், நீ வேண்டாம்ங்கே. அவரு யாரு பேச்சைத்தான் கேப்பாரு?"ன்னு சிரிச்சார். எனக்கு எரிச்சலா வந்துச்சு.

சாரல் நிக்கல. ஒரு மத்தியானம் கரண்டும் போச்சு, ஈரம் உறிஞ்சுத மிஷினும் நின்னுட்டு. மேகம் இறங்கி வெளிய எல்லாம் வெள்ளையா கெடந்துச்சு. வெறுத்துப் போய் சன்னலைத் தொறந்து விட்டேன். உம்ம இஷ்டம்னு சொல்லி மேசையில தலையைச் சாச்சேன். தூங்கினேனா முழிச்சிருந்தேனா, இன்னைக்கும் தெரியல. முகத்துல ஈரக்காத்து பட்டுக்கிட்டே இருந்துச்சு. எங்கயோ அருவி விழுத சத்தம். யாரோ பக்கத்துல இருக்காப்ல ஒரு நிம்மதி.

கண்ணைத் தொறந்தா எதிர்ல கண்ணாடித் தகடு. அதுல இன்னும் கரைசல் விடல. கரைசல் புள்ளியை விட்டு வெளிய பரவாம இருக்க, சுத்தி மெழுகு மாதிரி ஒரு பூச்சு மட்டும் பூசியிருந்தேன். அதுமேல சாரல் படிஞ்சிருந்துச்சு. பூச்சு பிடிச்ச இடத்துல தண்ணி முத்து முத்தா நின்னுது, புள்ளியில பரந்து கிடந்துது. ஆனா ரெண்டு புள்ளிக்கு நடுவுலயும் மெல்லிசா ஒரு ஈரக்கோடு ஓடுச்சு. அங்கன பூச்சே பிடிக்கல. கரைசல் அதுவழியாத்தான் பக்கத்துப் புள்ளிக்குப் போயிருக்கு. இத்தனை நாளும் என் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைச் சாரல் காட்டிக் குடுத்துட்டு. அப்படியே உக்காந்து அழுதேன்.

பூச்சைச் சரிபண்ணி, கரண்ட் வந்து மிஷின் ஓடுன பிறகு கரைசலை விட்டேன். சிவப்பு விளக்கு காட்டினா சிவப்புப் புள்ளி மட்டும் பதில் சொல்லுச்சு. பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம். சார் விளக்கை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டு, "தொடர்ந்து பண்ணும்மா"ன்னார்.

ஆண்டவருக்கு நன்றி. இப்ப ஜெபத்துல நான் அவருக்கு வழி சொல்லிக் குடுக்கதில்ல, என் கஷ்டத்தை மட்டும் சொல்லுதேன். கேட்டபடி சாரல் நின்னிருந்தா என் வேலையும் அதோட நின்னிருக்கும். உங்களுக்கும் இப்ப கேட்டது கிடைக்காம இருக்கலாம். கோவிச்சுக்கிட்டு அவரை விட்டுப் போயிராதீங்க. நான் போகப் பாத்தவதான்.