கணக்கு ஃபைலை உடைத்தது யார்?

கடைக் கணக்கு சாஃப்ட்வேரில் கெட்டுப்போன ஃபைல்களைச் சரிசெய்து கொடுப்பது என் தொழில். கெடுத்தவர் என்று ஒருவரைக்கூட இந்தத் தொழிலில் நான் சந்தித்ததில்லை. "அதுவா போச்சு" என்பார்கள். அதுவாகப் போகுமா? இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில், வத்தலக்குண்டில் முதல் பஸ் பிடித்து, வளைவுக்கு வளைவு குமட்டலை அடக்கிக்கொண்டு கொடைக்கானலில் போய் இறங்கினால், "வயரை மாத்திப் பாத்தீங்களா?" என்று எனக்கே பாடம் எடுப்பார்கள். ரிப்பேர் தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரர்களே, உங்கள் கதியும் இதுதான் என்று தெரியும். வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் பகிர்ந்துகொள்வோம்.

கம்பளி

கொடைக்கானல் மலையிலேயே உள்ள போளூர்ப் பக்கத்து உருளைக்கிழங்கும் பூண்டும் வந்து இறங்கும் மண்டி அது. பில் போடும்போதே கம்ப்யூட்டர் தானாக அணைகிறது, எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நின்று கெட்டுப்போகிறது. மூன்று தடவை போய்ச் சரிசெய்தேன். நான் வருகிறேன் என்றாலே இடத்தைத் துடைத்து வைத்துவிடுவார்கள். நாலாவது தடவை சொல்லாமல் போனேன். மேஜைக்கடியில் சி.பி.யு. கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது! காற்றுப் போக வழியில்லாமல் தோசைக்கல்லாய்க் கொதிக்கிறது. வந்த ஆத்திரத்தில் கம்பளியை இழுத்துத் தரையில் போட்டேன். மண்டிக்காரருக்கு என் மேல்தான் கோபம்.

"மனுசனுக்கே வெடவெடங்குது, அதை மொட்டையா விடச் சொல்றீங்களே, ஈவு எரக்கம் இருக்கா ஒங்களுக்கு?"

சுத்தம்

பஜாரில் தைலமும் சாக்லேட்டும் விற்கும் பாய் மரியாதைக்காரர். டீ வராமல் பேச்சைத் தொடங்க மாட்டார். பெருநாளைக்குக் கடையை ஒழித்துச் சுத்தம் செய்தவர், கையோடு கம்ப்யூட்டரையும் ஒழித்திருக்கிறார். ஒரு வருஷக் கணக்கைக் காணோம். அழித்ததைத் தோண்டி எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. "பேக்கப் ஒண்ணு தனியா போட்டுக் குடுத்தேனே பாய்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஒரே சரக்கு ரெண்டு எடத்துல கெடந்துச்சு தம்பி, ஒண்ணைத் தூக்கிட்டேன். இன்னொண்ணு பேரே புரியல, அதையும் தூக்கிட்டேன்."

செல்வி மேல் பழி

ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல். ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக ஃபைல் கெட்டிருந்தது. "இன்னையோட இந்தப் பிள்ளையை அனுப்பப் போறேன். சோலி தெரியாம ஃபைலைக் கெடுத்துக்கிட்டே இருக்கு" என்றார் முதலாளி. அந்தப் பிள்ளை செல்வி, அங்கே கணக்கு எழுதுபவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பா அம்மாவுக்கு அன்றாடக் கூலி, மாதச் சம்பளம் என்று வீட்டுக்கு வருவது இவளுடையது மட்டும்தான்.

பாதி ஃபைலைச் சரிசெய்திருப்பேன். முதலாளி கைகளைத் தேய்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். மேஜைக்கடியில் இருந்த ரூம் ஹீட்டரின் பிளக்கை எடுத்து யு.பி.எஸ்.ஸில் சொருகினார். கரண்ட் போனால் கம்ப்யூட்டரைச் சில நிமிஷம் தாங்குவதற்கென்று வைத்த சின்னப் பெட்டி அது, ஹீட்டரைத் தாங்குமா? டப்! திரை இருண்டது. என் இரண்டு மணி நேர வேலை போயே போச்சு. அவர் தலையைக்கூடத் திருப்பாமல் கத்தினார்: "ஏ செல்வி, என்னத்த அமுக்குன?"

அவள் பத்தடி தள்ளி, எனக்குக் கொண்டுவந்த டீயோடு நின்றிருந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பிளக்கைப் பிடுங்கி அவர் முன்னால் வைத்தேன். "குளுருனா போடத்தான் செய்வாங்க. இவதானே எனக்கு எடுத்துச் சொல்லியிருக்கணும்?" என்றார், கொஞ்சமும் கூசாமல். சர்வீஸ் ரிப்போர்ட்டில், 'காரணம்: முதலாளி யு.பி.எஸ்.ஸில் ஹீட்டர் சொருகியது. கணக்கு எழுதுபவர் மீது தவறில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கையெழுத்துப் போட்டால்தான் இனி கீபோர்டைத் தொடுவேன் என்றேன். சீசன் நேரம், வேறு வழியில்லாமல் போட்டார். அவளை அனுப்பும் பேச்சு அதோடு நின்றது.

கிளம்பும்போது செல்வி வாசல்வரை வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அதுல ஒரு ஜெராக்ஸ் குடுத்துட்டுப் போங்க சார். அடுத்த தடவை கெடும்போது வேணும்."

மலையேறி இறங்கிய அத்தனை வருஷத்தில் நான் எடுத்துக் கொடுத்த பேக்கப்புகளிலேயே உருப்படியானது அந்த ஜெராக்ஸ் ஒன்றுதான்.